பழைய லோடர் டிராக்டருக்குப் பின்பாரம்: தண்ணீரா, இரும்பா, தொங்குபெட்டியா?

லோடரின், அதாவது டிராக்டருக்கு முன்னால் மாட்டிய அள்ளும் கருவியின், பக்கெட்டை நிறைத்துத் தூக்கும்போது பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பினால்தான் பலருக்குப் பின்பாரம் போடும் யோசனையே வருகிறது. கோளாறு அதற்கு வெகு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. பழைய டிராக்டர்களில் பிரேக் இருப்பது பெரும்பாலும் பின்சக்கரங்களில் மட்டும். இரு சக்கர இயக்கம் என்றால் இழுவையும் அங்கேதான். முன்னால் சுமை ஏற ஏற, வண்டியை நகர்த்தவும் நிறுத்தவும் வேண்டிய அதே சக்கரங்கள் எடை இழந்துகொண்டே போகின்றன. சமதரையில் இது தெரியாது. நனைந்த மண்ணில், லேசான சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் டயர் நின்றுவிடும், வண்டி நிற்காது.

பக்கவாட்டுச் சாய்வும் இதோடு சேர்ந்ததுதான். முன் ஆக்சில் நடுவில் ஒரு முளையில் ஊசலாடும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. மேடு பள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையைத் தொட அது அவசியம். ஆனால் அதன் விளைவாக டிராக்டர் நிற்பது ஒரு முக்கோணத்தின் மேல்: இரண்டு பின்சக்கரங்கள், முன்னால் அந்த ஒரு முளை. முளை இருக்கும் இடத்தில் முக்கோணத்துக்கு அகலமே கிடையாது. பக்கவாட்டில் வண்டியைத் தாங்கிப் பிடிப்பது முழுக்கப் பின்சக்கரங்களின் எடைதான். அது குறைந்துவிட்டால், ஒரு பக்கச் சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே உடல் முழுக்கச் சாய்ந்து, ஆக்சில் தன் தடுப்பில் போய் முட்டிய பிறகுதான் நிற்கும். பக்கெட் உயரத்தில் இருந்தால் அந்த முட்டலில் நிற்காமலும் போகலாம். பழைய வண்டிகள் பலவற்றில் கவிழ்வுத் தடுப்புச் சட்டமும் இல்லை, சீட் பெல்ட்டும் இல்லை என்பதையும் இங்கே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் பாரம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அதைவிடப் பெரிய பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். பழைய வண்டிக்கு முக்கியமாக அதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

1,800 கிலோ டிராக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன் ஆக்சிலில் 700, பின் ஆக்சிலில் 1,100. இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 2 மீட்டர். அதில் 300 கிலோ லோடர் மாட்டியிருக்கிறது. லோடரின் எடை மையம் முன் ஆக்சிலுக்கு அரை மீட்டர் முன்னால். பக்கெட்டில் 500 கிலோ மண். அது முன் ஆக்சிலுக்கு 1.4 மீட்டர் முன்னால் நிற்கிறது.

முன் ஆக்சிலைத் தாங்குபுள்ளியாக வைத்துக் கணக்குப் போட்டால், லோடர் மட்டும் பின்னாலிருந்து 75 கிலோவை எடுத்துவிடுகிறது. மண் 350 கிலோவை எடுக்கிறது. மிச்சம் பின்னால் 675 கிலோ. முன்னால்? 1,925 கிலோ. 700 கிலோவோடு பிறந்த ஆக்சில் இப்போது கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு சுமக்கிறது. வண்டியும் லோடரும் மண்ணும் சேர்ந்து 2,600 கிலோ. அதை நிறுத்த வேண்டிய சக்கரங்களில் இருப்பது கால் பங்குக்குக் கொஞ்சம்தான் மேல்.

இப்போது 400 கிலோ பாரம் சேர்க்கிறோம். பின்சக்கரங்களிலேயே, அதாவது டயருக்குள் திரவமாகவோ ரிம்மில் இரும்பாகவோ வைத்தால், பின்னால் 675 என்பது 1,075 ஆகிறது. முன்னால் அதே 1,925. ஒரு கிலோகூடக் குறையவில்லை.

அதே 400 கிலோவைப் பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் லிங்கேஜில், அதாவது பின்பக்கம் கருவி மாட்டும் தூக்கு கைகளில், தொங்கவிட்டால், பின்னால் 600 கிலோ கூடி 1,275 ஆகிறது. முன்னால் 200 கிலோ குறைந்து 1,725. துலாக்கோலில் படிக்கல்லை நுனிப்பக்கம் தள்ளுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. சக்கரத்தில் 400 கிலோ வைத்தால் கிடைக்கும் பின்பாரத்தை வெறும் 267 கிலோவைப் பின்னால் தொங்கவிட்டே பெற்றுவிடலாம். அப்போதும் முன் ஆக்சிலுக்கு 130 கிலோவுக்கு மேல் இறங்கும்.

உங்கள் வண்டியின் அளவுகள் வேறாக இருக்கும். ஆனால் சக்கரத்தில் வைத்த எடை முன் ஆக்சிலுக்கு எந்த உதவியும் செய்யாது, பின்னால் தொங்கும் எடை செய்யும் என்ற கணக்கு எந்த டிராக்டருக்கும் மாறாது.

இது பழைய வண்டிக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? 1950, 60, 70களில் வந்த நடுத்தர டிராக்டர்களின் முன் ஆக்சில் உழவுக்கும் இழுவைக்கும் செய்யப்பட்டது. லோடர் பலவற்றில் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷ ஓட்டத்தில் நடு முளை தேய்ந்திருக்கும், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் புஷ் ஓவலாகியிருக்கும், சக்கர பேரிங் ஆடும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பத்திரமான தாங்கியில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிங்பின் பக்கம் ‘டொக் டொக்’ என்று ஆட்டம் தெரிந்தால், அங்கே கிரீஸ் அடிக்கும் வாயில் பழைய கிரீஸ் காய்ந்து கல்லாகிக் கிடந்தால், அந்த ஆக்சிலுக்கு 200 கிலோ குறைவது பெரிய விஷயம். ஸ்டீரிங் திருப்புவதற்கும் அப்படித்தான். பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியில் முழு பக்கெட்டோடு நின்ற இடத்தில் திருப்பிப் பார்த்தவர்களின் தோள் இதற்குச் சாட்சி.

டயருக்குள் திரவம்

அதிகம் பேர் முதலில் போவது இதற்குத்தான். டயருக்குள் ஏற்கெனவே இடம் சும்மா இருக்கிறது. வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. எடை கீழே, தரையை ஒட்டி உட்காரும். வால்வை உச்சியில் நிறுத்தி வால்வு மட்டம் வரை நிரப்பினால் டயரின் கொள்ளளவில் ஏறத்தாழ 75 சதவீதம் நிறையும். 13.6-28 அளவு டயரில் அது சுமார் 220 லிட்டர். 16.9-28 டயரில் 350 லிட்டர் பக்கம் வரும். வெறும் தண்ணீர் என்றால் லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால், முதல் அளவில் ஒரு ஜோடிக்கு 440 கிலோ கிடைக்கிறது. ரேடியல் டயர் மாட்டியிருந்தால் இந்த அளவு பொருந்தாது. அதன் பக்கச்சுவர் வளைந்து கொடுத்தால்தான் அதற்கு மரியாதை என்பதால் 40 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்வார்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் சாதா கிராஸ் பிளை டயர்தான் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

எந்தத் திரவம் என்பதில்தான் சண்டையே. தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர் விழாத இடத்தில் தண்ணீரே போதும், மேலே யோசிக்க வேண்டாம். உறையும் இடத்தில் தண்ணீர் டயருக்குள் பாறையாகிவிடும். அப்படியே ஓட்டினால் டியூப் கிழியும்.

அடுத்தது கால்சியம் குளோரைடு கரைசல். எடைப்படி 30 சதவீதம் கரைத்தால் லிட்டருக்கு சுமார் 1.28 கிலோ எடை. உறைநிலை மைனஸ் 50 டிகிரி வாக்கில். அதே 220 லிட்டர் டயரில் தண்ணீரைவிட 60 கிலோ கூடுதல். பல காலமாகப் புழக்கத்தில் இருப்பது, எடைக்கு எடை மலிவானது. ஆனால் இரும்பைத் தின்னும். அதுவும் சாதாரணமாகத் தின்னாது. இந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கசிந்த இடம் காயவே காயாது. துரு நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது அதனால்தான்.

பழைய டிராக்டர் கைக்கு வந்திருந்தால், உள்ளே ஏற்கெனவே இது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரிம்மில் வால்வு வெளியே வரும் ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பொறுக்கு பூத்திருக்கும். அதன் ஓரம் பெயின்ட் குமிழ் குமிழாக உப்பியிருக்கும். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு குத்துக் குத்துங்கள். நல்ல ரிம் ‘டங்’ என்று எதிர்க்கும். கெட்டதில் செதில் செதிலாகப் பெயர்ந்து நுனி உள்ளே போகும். வெளியே ஒரு காசளவு தெரிந்தால் உள்பக்கம் உள்ளங்கையளவு போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த நிலையில் உள்ள ரிம்முக்குள் மறுபடி அதே கரைசலை ஊற்றுவது எனக்கு ஒப்பாது. புது டியூப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பவர்கள் ரிம்மைச் சுரண்டி, துருவை நிறுத்தி, பெயின்ட் அடித்து, அதன் பிறகு செய்யட்டும். கரைக்கும்போது ஒன்று: உப்பைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போது நல்ல சூடு கிளம்பும், தெறித்தால் புண்ணாகும்.

மற்ற திரவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணாடி துடைக்கும் மெத்தனால் கலவை உறையாது, துருவும் பிடிக்காது. ஆனால் தண்ணீரைவிட லேசு, விஷம், தீப்பற்றும். ரேடியேட்டர் கூலன்டில் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் கசிந்தால் கால்நடையும் நாயும் நக்கிச் சாகும், வேண்டாம். புரோப்பிலீன் கிளைக்கால் பாதுகாப்பானது, ஆனால் நூற்றுக்கணக்கான லிட்டர் வாங்கினால் கை சுடும். சர்க்கரை பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு போன்ற திரவம் ஒன்று உண்டு. கால்சியம் கரைசல் அளவுக்குக் கனம், ரிம்மைத் தின்னாது, உறையாது. கிடைக்கும் இடத்தில், காசைப் பற்றிக் கவலையில்லை என்றால் திரவங்களில் அதுதான் சிறந்தது.

திரவத்தின் பெரிய குறை அது போகாது என்பதுதான். லோடர் வேலை முடிந்து விதைக்கவோ புல் வெட்டவோ போனாலும் அந்த நானூறு ஐந்நூறு கிலோவும் கூடவே வரும், நிலத்தை மிதிக்கும், டீசலைத் தின்னும். பஞ்சர் ஆனால் இன்னும் மோசம். காற்று மட்டும் இருக்கும் டயரைக் கழற்ற இரண்டு பேர் போதும். இருநூறு சொச்சம் லிட்டர் உள்ளே இருந்தால் முதலில் அதை வடிக்க வேண்டும், வடித்ததைப் பிடிக்க டிரம் வேண்டும், அப்போதும் அடியில் கொஞ்சம் மிஞ்சி நிற்கும். முள்ளும் அறுத்த குத்துத்தட்டையும் நிறைந்த நிலத்தில் வேலை என்றால் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள். சவாரியும் கடினமாகும். டயருக்குள் காற்றுக்கு மிச்சமிருப்பது கால்பங்கு இடம்தான், துள்ளலை உள்வாங்க அதுதான் இருக்கிறது. காற்றழுத்தமும் சீக்கிரம் ஏறி இறங்கும். வால்வை உச்சியில் வைத்து, திரவத்துக்கு என்று வரும் கேஜால் அடிக்கடி பார்க்க வேண்டும்.

ரிம்மில் இரும்பு

வார்ப்பிரும்பு வெயிட்டுகளைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. துருப்பிடித்தாலும் நூறு வருஷம் இருக்கும். டயரின் மென்மை அப்படியே இருக்கும். பஞ்சர் ஒட்ட வருபவர் திட்டமாட்டார். வேண்டாதபோது கழற்றலாம், மனமும் முதுகும் இருந்தால். ஒவ்வொன்றும் 40 முதல் 70 கிலோ வரை வரும். தண்ணீர் தந்த 440 கிலோவை இரும்பில் எட்ட 55 கிலோ வெயிட் எட்டு வேண்டும், பக்கத்துக்கு நான்கு. ரிம் தட்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் பங்குபோட்டு மாட்டினால்தான் இவ்வளவு ஏறும், அதற்கு எல்லா வண்டியிலும் இடம் இருக்காது.

பழைய வண்டியில் சிக்கல் ஓட்டை பொருந்துவதில்தான். வெயிட்டில் இருக்கும் போல்ட் ஓட்டைகளின் அமைப்பு ஒவ்வொரு கம்பெனிக்கும், சில சமயம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கும் வேறுபடும். பழைய சாமான்களில் தேடி வாங்கும்போது ரிம் தட்டின் ஓட்டை வட்டத்தை அட்டையில் வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள், மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பொருந்தாத வெயிட்டுக்காக ரிம் தட்டில் புது ஓட்டை போடுவது, வெல்டிங் வைப்பது இரண்டும் வேண்டாம். தட்டு பலவீனமாகும், வெயிட்டும் ஒரு நாள் கழன்று உருளும். போல்ட் 8.8 தரத்துக்குக் குறையக் கூடாது. தூக்கி மாட்டும்போது ஒருவர் தனியாகச் செய்வதும் சரியல்ல. லோடர் பக்கெட்டையே கிரேனாக வைத்துத் தூக்குபவர்கள் சங்கிலி நழுவாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

ரிம்முக்குள் கான்கிரீட் ஊற்றுபவர்களும் உண்டு. ஒரு லிட்டர் கான்கிரீட் சுமார் 2.4 கிலோ, வார்ப்பிரும்பு 7 கிலோவுக்கு மேல். அதே எடைக்கு மூன்று மடங்கு பருமன் பிடிக்கும், அதனால் ரிம் குழிவில் பக்கத்துக்கு நூறு கிலோ ஏற்றுவதே பாடு. ஊற்றுவதானால் தனி அச்சில் ஊற்றி, கம்பி வைத்து, போல்ட்டில் மாட்டும்படி செய்ய வேண்டும். ரிம்மிலேயே நேரடியாக ஊற்றினால் இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கி உள்ளுக்குள் துரு வளரும், வெளியே தெரியாது.

சக்கரத்தில் வைத்த எடைக்கு, திரவமானாலும் இரும்பானாலும், ஒரு நல்ல குணம் பேசப்படுவதே இல்லை. அந்த எடை ஆக்சில் வழியாகப் போவதில்லை, சக்கரத்திலிருந்து நேராகத் தரைக்கு இறங்குகிறது. பின் ஆக்சில் பேரிங் அதைச் சுமப்பதில்லை. ஆனால் அதை உருட்டவும் நிறுத்தவும் கியரும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். தேய்ந்த கிளட்ச், தேய்ந்த பிரேக் லைனிங் இருக்கும் வண்டியில் முதலில் அவற்றைச் சரிசெய்துவிட்டு வெயிட் பற்றிப் பேசலாம்.

பின்னால் தொங்கும் பெட்டி

கணக்கில் ஜெயிப்பது இதுதான் என்று மேலேயே பார்த்தோம். மூன்று புள்ளி லிங்கேஜில் மாட்டும் எதுவும் பாரம்தான். வீட்டில் ஏற்கெனவே கனமான ரோட்டவேட்டரோ லெவல் அடிக்கும் பிளேடோ இருந்தால் இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பிடிஓ ஷாஃப்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டு லோடர் வேலை பார்க்கலாம், காசே செலவில்லை. ஆனால் அவை நீளம், அகலம் அதிகம். கொட்டகை ஓரம் திரும்பும்போது முன்னால் பக்கெட்டையும் பின்னால் வாலையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கென்றே செய்த பெட்டி கச்சிதம்.

200 லிட்டர் டிரம்மில் கான்கிரீட் ஊற்றினால் 480 கிலோ வரும். பல சின்னப் பழைய வண்டிகளின் லிங்கேஜுக்கு அது ஜாஸ்தி. 60 செ.மீ. நீளம், 50 அகலம், 45 உயரம் என்று பெட்டி அடித்தால் 135 லிட்டர், கான்கிரீட்டில் 320 கிலோ சொச்சம். ஒரு நடுத்தர வண்டிக்கு ஆரம்பிக்க நல்ல எடை. கான்கிரீட்டுக்குள் இரும்புக் கழிவு போட்டால் அதே அளவில் எடை ஏறும். ஊற்றாமல் வெறும் சரளைக்கல் நிரப்பினால் எடை மூன்றில் இரண்டு பங்குதான் வரும், ஆனால் வேண்டும்போது குறைக்கலாம். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விடுங்கள்.

செய்யும்போது அளவுகள் பிசகக் கூடாது. முதல் வகை (கேட்டகரி 1) லிங்கேஜில் கீழ் முளை 22 மி.மீ., மேல் இணைப்பான டாப் லிங்கின் முளை 19 மி.மீ., கீழ் முளைகளின் தோள்களுக்கு இடையே 683 மி.மீ., கீழ் முளை மட்டத்திலிருந்து டாப் லிங்க் வரை 460 மி.மீ. இரண்டாம் வகையில் கீழ் முளை 28 மி.மீ. கீழ் முளைகளைத் தனித்தனித் துண்டாகக் கான்கிரீட்டில் புதைத்தால் நாளடைவில் குலுங்கிக் கழன்றுவரும். ஒரே கம்பியாகப் பெட்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஊடுருவிப் போக வேண்டும், டாப் லிங்க் தாங்கியும் அதனோடு வெல்டிங்கில் சேர வேண்டும். அடியில் கால் வையுங்கள். கழற்றி இறக்கி வைத்த பெட்டி மண்ணில் புதைந்து சாய்ந்துவிட்டால் மறுநாள் மாட்டுவதற்குள் பொழுது போய்விடும். கால்களின் உயரம், லிங்கேஜ் கைகள் கீழே இறங்கி நிற்கும் உயரத்துக்குச் சரியாக இருந்தால் ஓட்டுநர் ரிவர்ஸில் வந்து ஒருவராகவே மாட்டிவிடலாம்.

இதற்கும் பழைய வண்டியில் ஒரு வம்பு உண்டு. ஹைட்ராலிக் லிப்ட் தேய்ந்திருக்கும். பெட்டியைத் தூக்கி வைத்தால் கைகள் மெல்ல இறங்கும், கட்டுப்பாடு அதைப் பார்த்து மறுபடி தூக்கும், மறுபடி இறங்கும். தலையாட்டிக்கொண்டே இருக்கும். லோடருக்கும் அதே பம்ப்பிலிருந்து எண்ணெய் போகும் வண்டிகளில் இது இரட்டைத் தொல்லை. பெட்டியைத் தேவையான உயரத்துக்குத் தூக்கி, லிங்கேஜ் கைகளை இரும்புத் தாங்கு கம்பியாலோ தகுந்த தரமுள்ள சங்கிலியாலோ உடலோடு கட்டிவிட்டு, ஹைட்ராலிக்கை ஓய்வாக விட்டுவிடுங்கள். பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்தும் சங்கிலிகளையும் இழுத்துக் கட்டுங்கள். 300 கிலோ இடதும் வலதுமாக ஊசலாடினால் சரிவில் அதுவே வண்டியைத் தள்ளும். பெட்டியின் அடி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் எழும்ப வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த வரையில் பெட்டியின் நிஜமான ஆபத்து வேறு. பின்புறம் கனமாக, வண்டி கெட்டியாக உட்கார்ந்தது தெரிந்ததும் ஓட்டுபவர் பக்கெட்டைக் குவிக்க ஆரம்பிப்பார். முன்பு பின்சக்கரம் தூக்கிக்கொண்டு எச்சரித்தது, இப்போது எச்சரிக்க ஆளில்லை. எண்ணெய் அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் லோடரின் ரிலீஃப் வால்வைத் திருகி அழுத்தத்தை ஏற்றுபவர்களும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். முன் ஆக்சிலைக் காப்பாற்றப் போட்ட பாரம் அதையே உடைக்கும் காரணமாகிவிடும்.

எந்த வேலைக்கு எது

தினசரி லோடர் ஓடுகிறது, எருவும் மண்ணும் அள்ளுவதே பிரதான வேலை என்றால், முதலில் பெட்டி. அதன்மேல் ரிம்மில் இரும்பு கிடைத்தால் மாட்டுங்கள். முன் ஆக்சில் ஆட்டம் கண்ட வண்டியில் இந்த வரிசையை மாற்றவே மாட்டேன்.

லோடர் எப்போதாவதுதான், பின்னால் எப்போதும் ஏதாவது கருவி மாட்டியிருக்கும் என்றால், பெட்டியை மாட்டிக் கழற்றுவது தொல்லைதான். அந்தக் கருவியே பாரமாக இருக்கட்டும், அடிப்படைக்கு ரிம்மில் ஜோடிக்கு நூறு கிலோ இரும்பு இருந்தால் நல்லது. இழுவை வேலைக்கும் அது உதவும்.

கொட்டகைக்குள், தூண்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வேலை என்றால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் ஒத்துவராது. அங்கே சக்கர எடைதான். இரும்பு கிடைக்காவிட்டால் திரவம். இந்த இடத்தில் பக்கெட்டில் ஏற்றும் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் முன் ஆக்சிலுக்கு உதவி எதுவும் வரவில்லை.

சரிவு நிலத்தில் எடையின் உயரம் முக்கியம். முக்கால் நிரப்பிய டயரில் திரவத்தின் மையம் ஆக்சிலுக்குக் கீழே இருப்பதால் அது மற்ற இரண்டையும்விட இங்கே நல்லது. கூடவே பின்சக்கரங்களின் இடைவெளியை அகலப்படுத்துங்கள். பழைய டிராக்டர்கள் பலவற்றில் ரிம்மைத் திருப்பி மாட்டியே அகலத்தைக் கூட்டலாம், பைசா செலவில்லாத பாதுகாப்பு அது. நிறைந்த பக்கெட் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். பக்கெட்டைத் தாழ்வாக வைத்தே நகருங்கள். தூக்கும்போது லோடர் கைகள் கிடையாக வரும் நடு உயரத்தில்தான் சுமை முன்னால் அதிகம் நீட்டும், பின்சக்கரம் அப்போதுதான் அதிகம் லேசாகும். பக்கவாட்டில் கவிழும் ஆபத்தோ உச்சி உயரத்தில் அதிகம்.

கையில் இருக்கும் ரிம் ஏற்கெனவே பாதி துருவாக இருந்தால், கால்சியம் கரைசலை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் தேர்ந்தெடுக்க வேண்டாம். உறையாத ஊரில் தண்ணீர், உறையும் ஊரில் இரும்பும் பெட்டியும்.

எவ்வளவு எடை என்பதற்கு லோடரின் கையேடு கிடைத்தால் அதில் பின்பாரம் எவ்வளவு என்று எழுதியிருக்கும், அதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. கையேடு தொலைந்திருந்தால் எடை மேடைக்கு ஓட்டிப் போய், பக்கெட்டில் வழக்கமாக ஏற்றும் சுமையோடு, தாழ்வாக வைத்து, முதலில் முன்சக்கரங்களை மட்டும், பிறகு பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்திப் பாருங்கள். முன் எடையை முன் டயரில் அச்சிட்டிருக்கும் சுமை அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டு டயருக்கும் சேர்ந்த அளவைத் தாண்டியிருந்தால் பின்னால் எவ்வளவு தொங்கவிட்டாலும் பக்கெட்டைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

பாரம் போட்ட பிறகு டயர் காற்றையும் பாருங்கள். லோடர் வண்டியின் முன் டயருக்கு வழக்கத்தைவிட அதிக அழுத்தம் வேண்டும், டயர் தாங்கும் உச்ச அளவுக்குள். ரிம் வெயிட் மாட்டிய போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் முதல் நாள் வேலை முடிந்ததும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். பெயின்ட்டும் துருவும் நசுங்கி இடம் கொடுத்திருக்கும், கால் சுற்றாவது ஏறும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அதன் பிறகும் ஏறிக்கொண்டே இருந்தால் போல்ட் நீளுகிறது அல்லது ஓட்டை ஓவலாகிறது, வெயிட்டை இறக்கி வைத்துவிட்டுத் தட்டைப் பார்க்க வேண்டும்.